பேஜ்மேக்கரில் கிடக்கும் 16 ஆண்டு இதழ்களை யூனிகோடுக்குக் கொண்டுவருவது எப்படி?

கேட்டவர்: அச்சகத் தெரு

அனைவருக்கும் வணக்கம். ஒரு மாத இதழின் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) மாற்றி இணையத்தில் ஏற்ற வேண்டும். 1998 ஜனவரி முதல் 2013 டிசம்பர் வரை 192 இதழ்கள், இதழுக்கு 48 பக்கம். எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் 6.5, 7 பதிப்புகளில் செய்தவை. 2005 வரை பாமினி, அதற்குப் பிறகு ஸ்ரீலிபி வரிசை எழுத்துருக்கள். இடையே சில இதழ்கள் டாம் எழுத்துருவில் இருக்கின்றன. சுமார் 30 இதழுக்கு பி.டி.எஃப். மட்டும்தான் மிச்சம். 12 இதழுக்கு அச்சுப் பிரதி மட்டும்.

பழைய எழுத்துரு உரையை யூனிகோடாக்கும், இணையத்தில் கிடைக்கும் ஒரு மாற்றியில் சோதனையாக 10 பக்கம் ஓட்டியதில் கண்டவை:

‘வெள்ளை’ என்பது ‘வௌ்ளை’ என்றும், ‘தெளிவு’ என்பது ‘தௌிவு’ என்றும் வருகிறது. கட்டுரைக்குள் இருந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்தாகிவிட்டன. கண்ணுக்குச் சரியாகத் தெரியும் சில சொற்கள்கூடத் தேடினால் அகப்படவில்லை.

இன்னொன்று. 2014-லிருந்து இதழ் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வந்தாலும் தட்டச்சு இன்றும் பழைய எழுத்துருவில்தான். இனி ஒரு தடவை அடித்தால் அச்சுக்கும் தளத்துக்கும் ஆக வேண்டும். யூனிகோடில் அடித்ததை இன்டிசைனில் ஒட்டினால் கொம்பு (ெ) இடம்மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. தட்டச்சு செய்பவர்களுக்கு டைப்ரைட்டர் விசைமுறை மட்டுமே பழக்கம். எங்கிருந்து தொடங்குவது?

---

குறியேற்றி

முதலில் ஒன்று: எழுத்தை மட்டும் நகலெடுத்து மாற்றியில் ஒட்டாதீர்கள். உங்கள் ஆங்கிலச் சொற்கள் பாழானதற்குக் காரணம் அதுதான்.

பாமினி 7-பிட் எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்தால் பாமினியில் ‘தமிழ்’. கோப்புக்குள் இருப்பது அந்த ஐந்து குறிகள் மட்டுமே. அவை தமிழா ஆங்கிலமா என்று சொல்வது பக்கத்தில் பதிவாகியிருக்கும் எழுத்துருப் பெயர் ஒன்றுதான். வெற்று உரையாக எடுத்த கணமே அந்தத் தகவல் போய்விடும். அதற்குப் பிறகு எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

ஆகவே பேஜ்மேக்கரிலிருந்து, எழுத்துருப் பெயரையும் சேர்த்து வைக்கும் ஆர்.டி.எஃப். வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கோப்பு. பேஜ்மேக்கர் ஓடும் கணினி இல்லாவிட்டால் இன்டிசைன் சி.எஸ்.6 வரையிலான பதிப்புகள் 6.0-க்கு மேற்பட்ட பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். அதற்குப் பின் வந்த சி.சி. பதிப்புகள் திறக்காது. பழைய எழுத்துருக் கோப்புகள் அந்தக் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்று எழுத்துரு உட்கார்ந்து பெயர்கள் குழம்பும்.

பிறகு லிப்ரே ஆபீஸ் வழியாக ஆர்.டி.எஃப்.-ஐ டாக்எக்ஸ் என்ற வேர்டு கோப்பு ஆக்குங்கள். அதன் உள்ளே உரை ‘ரன்’ எனப்படும் துண்டுகளாக இருக்கும். துண்டுக்கு ஓர் எழுத்துருப் பெயர். பைத்தான் நிரல்மொழியில் ஒவ்வொரு துண்டாக எடுத்து, பெயர் பாமினி என்றால் பாமினி அட்டவணை (எந்தக் குறிக்கு எந்த யூனிகோடு எழுத்து என்ற பட்டியல்), ஸ்ரீலிபி என்றால் அதற்கான அட்டவணை, டைம்ஸ் என்றால் தொடாமல் விடுவது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் நூலகத்தில் பல பழைய குறியாக்கங்களுக்கு அட்டவணை தயாராக இருக்கிறது. குறைந்த அளவு என்றால் என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் என்ற மாற்றி மென்பொருளே போதும்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடங்கள் மூன்று.

ஒரு சொல்லே இரண்டு துண்டாக உடைந்திருக்கும். தலைப்பில் எழுத்து இடைவெளியைக் கூட்டியிருந்தாலோ, பாதிச் சொல்லைத் தடிமனாக்கியிருந்தாலோ இப்படி ஆகும். பழைய எழுத்துருவில் ‘கெ’ என்பது முதலில் கொம்பு, பிறகு க. கொம்பு ஒரு துண்டிலும் க அடுத்த துண்டிலும் மாட்டிக்கொண்டால் இடம் மாற்ற முடியாமல் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மாற்றுவதற்கு முன் ஒரே எழுத்துருப் பெயர் உள்ள அடுத்தடுத்த துண்டுகளை ஒன்றாக்கிவிடுங்கள். தடிமன் போனால் போகட்டும்.

இரண்டாவது, சில எழுத்துருக்கள் விண்டோஸில் ‘குறியீட்டு எழுத்துரு’ வகையாகப் பதிவானவை. அவற்றில் அடித்த எழுத்து வேர்டு வழியே வரும்போது 106 என்ற எண்ணுக்குப் பதில் 61,546 என்று வந்து நிற்கும். அட்டவணையில் பொருத்தம் கிடைக்காமல் கட்டம் கட்டமாகத் தெரியும். 61,440-க்கும் 61,695-க்கும் இடைப்பட்ட எண்ணிலிருந்து 61,440-ஐக் கழித்துவிட்டு அட்டவணைக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, மாற்றியபின் எழுத்துருப் பெயரை வைக்கும் இடம். டாக்எக்ஸில் தமிழ் யூனிகோடு ‘சிக்கல் எழுத்துமுறை’ வகை. அதற்கு எழுத்துருப் பெயர், அளவு, தடிமன் மூன்றுமே தனிப் புலங்கள். லத்தீன் புலத்தில் மட்டும் நோட்டோ செரிஃப் தமிழ் என்று எழுதினால் ஒன்றும் மாறாது.

ஸ்ரீலிபி பற்றி ஓர் எச்சரிக்கை: எல்லா வரிசைக்கும் ஒரே அட்டவணை என்று நம்பிவிடாதீர்கள். முதல் இதழில் வரும் ஒவ்வோர் எழுத்துருப் பெயருக்கும் உயிர், மெய், உகர ஊகார வரிசை அனைத்தும் வரும்படி ஒரு பக்கம் எடுத்துச் சோதித்துவிட்டு மேலே போங்கள்.

---

ஔகாரம்

குறியேற்றி சொன்னதோடு உங்கள் ‘வௌ்ளை’க்கு வருகிறேன்.

பழைய எழுத்துருக்களில் ஔகார உயிர்மெய்யின் வலப்பக்கச் சிறகுக்குத் தனி இடம் கிடையாது, ள-தான் அந்த வேலையையும் செய்யும். கொம்பு, வ, ள என்று வந்தால் அது ‘வௌ’வா ‘வெள’வா என்று கோப்புக்குத் தெரியாது. மாற்றியின் அட்டவணை மூன்று எழுத்துக் கூட்டைக் கண்டவுடன் ‘வௌ’ என்று தின்றுவிடுகிறது. பின்னால் வரும் புள்ளி அந்தரத்தில் தொங்குகிறது.

திருத்தம் எளிது. ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வரவே வராது. எனவே ‘ௌ’வை அடுத்து ் ா ி ீ இவற்றில் ஏதேனும் வந்தால் அதை ‘ெள’ ஆக்குங்கள். வௌ்ளை, தௌிவு, வௌியீடு எல்லாம் ஒரே ஓட்டத்தில் சரியாகிவிடும். ‘ஔி’ என்று வரும் ‘ஒளி’க்கும் இதே விதி.

மிச்சம் இருப்பது குறி எதுவும் இல்லாத ள. கௌரவம், பௌர்ணமி, மௌனம் என எழுத்துநடையில் அது அனேகமாக ஔகாரம்தான். ஆனால் சிறுகதை உரையாடல் வந்துவிட்டால் நிலைமை வேறு. கெளம்பு, வெளக்கு, வெளயாட்டு, ஒளறாதே இவையெல்லாம் கௌம்பு, வௌக்கு, வௌயாட்டு, ஔறாதே என்று மாறி நிற்கும். இதற்கு விதி கிடையாது, பட்டியல்தான். உரையில் ஔகாரம் வரும் எல்லாச் சொற்களையும் தனியே எடுத்து எண்ணிக்கை வாரியாக அடுக்குங்கள். வேறுபட்ட சொற்கள் சில நூறுக்குள் அடங்கும், ஒருவர் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

இதே குடும்பத்தில் இன்னொரு வியாதி உண்டு, அது மாற்றியின் தவறே அல்ல. ‘ர்’ என்பதற்கும் காலுக்கு (ா) மேல் புள்ளி வைத்ததற்கும் அச்சில் வேறுபாடு தெரியாது. கைக்கு எது பக்கமோ அதை அடித்திருப்பார்கள். அதனால் ‘அவா்கள்’, ‘அதிகாாி’ என்று வரும். அச்சில் யாருக்கும் தெரியாத பிழை, தேடுபொறிக்கு வேறு சொல். காலை அடுத்துப் புள்ளி, ி, ீ மூன்றில் ஒன்று வந்தால் அந்தக் காலை ‘ர’ ஆக்குங்கள்.

உங்கள் கேள்வியில் ‘கண்ணுக்குச் சரி, தேடலில் இல்லை’ என்றது பெரும்பாலும் ஒகர ஓகாரச் சொற்களாக இருக்கும். ‘கொ’வின் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. வெறும் எழுத்தொப்பீட்டில் தேடும் நிரலுக்கு இரண்டும் வேறு. மாற்றி முடித்தபின் முழு உரையையும் என்.எஃப்.சி. என்ற இயல்பாக்கத்தில் ஒருமுறை ஓட்டினால் எல்லாம் ஒரே குறியாகிவிடும். பைத்தானில் ஒரு வரி வேலை. கால் முன்னும் கொம்பு பின்னுமாகக் கிடந்தால் மட்டும் இயல்பாக்கம் உதவாது, அதைத் தனியே தேடித் திருத்த வேண்டும்.

‘ஸ்ரீ’யையும் மறக்காதீர்கள். யூனிகோடில் ‘ஶ’ 2005-இல் வந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் எழுதப்பட்டவை ‘ஸ’ கொண்டவை. இரண்டும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே வடிவம் காட்டும். ஏதாவது ஒன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

---

அச்சகத் தெரு

நன்றி ஐயா, ‘அவா்கள்’ விஷயம் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. இப்போது பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. பி.டி.எஃப். மட்டும் உள்ள 30 இதழ்களை என்ன செய்வது? சிலவற்றில் நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பை வருகிறது, சிலவற்றில் வெறும் கட்டங்கள்.

---

மெய்ப்புநோக்கி

ஆங்கிலக் குப்பை வந்தால் நல்ல செய்தி. அது குப்பையல்ல, பழைய குறியாக்கம் அப்படியே இருக்கிறது என்று பொருள். ஆவணப் பண்புகளில் எழுத்துருக்கள் என்ற தாவலைப் பார்த்தால் எந்தெந்த எழுத்துரு என்று தெரியும். பிரித்தெடுக்கும்போது எழுத்துருப் பெயரோடு எடுக்க வேண்டும். பாப்ளர் என்ற பி.டி.எஃப். கருவித் தொகுப்பில் வெற்று உரை எடுக்கும் கருவியை விட்டுவிட்டு ஹெச்.டி.எம்.எல். கருவியை எக்ஸ்.எம்.எல். வெளியீட்டில் ஓட்டுங்கள், அல்லது பைமியூ பி.டி.எஃப். நூலகத்தில் துண்டுவாரியாக எடுங்கள். பி.டி.எஃப்.-இல் பத்தி என்று ஒன்று இல்லை, வரிகள்தான் உண்டு. வரி முடிவில் தட்டச்சாளர் கையால் போட்ட இணைப்புக்கோடுகள் ‘தொழில்-’, ‘நுட்பம்’ என்று பிரிந்து வரும். கோட்டோடு முடியும் வரிகளை அடுத்த வரியோடு ஒட்டியபின், ‘அங்கும்-இங்கும்’ போன்ற உண்மையான கோடுகளை மட்டும் கண்ணால் பாருங்கள்.

கட்டங்கள் வந்தால் உள்ளே எழுத்துருவின் குறி அட்டவணை இல்லை. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், பக்கத்தைப் படமாக்கி எழுத்துணரிக்கு (படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள்) அனுப்புவதே விரைவு. அச்சுப் பிரதி மட்டும் உள்ள 12 இதழ்களுக்கும் அதே வழி.

வருடுவது 300 டி.பி.ஐ., சாம்பல் நிறத்தில். 8 புள்ளி எழுத்தில் வந்த பெட்டிச் செய்திகள் இருந்தால் 400. கறுப்பு வெள்ளை என்று அமைத்து வருடாதீர்கள், மெய்யின் புள்ளிகள்தான் முதலில் காணாமல் போகும். தாள் மெலிதாக இருந்து மறுபக்கம் தெரிந்தால் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள்.

எழுத்துணரி மென்பொருளுக்கு டெசராக்ட் 4-க்கு மேற்பட்ட பதிப்பு, தமிழ்த் தரவுக்கோப்பில் ‘பெஸ்ட்’ வகை. ஆங்கிலம் கலந்த பக்கத்துக்கு இரண்டு மொழியையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு மூன்று பத்தியாக உள்ள பக்கங்களைப் பத்தி பத்தியாக வெட்டிக் கொடுப்பது நல்லது. முழுப் பக்கமாகக் கொடுத்தால் இடப்பத்தியின் வரியும் வலப்பத்தியின் வரியும் ஒன்றாகக் கலந்துவிடும், திருத்துவதற்குப் புதிதாகவே அடித்துவிடலாம். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி கூகுள் ஆவணமாகத் திறந்தாலும் தமிழ் நன்றாகவே வரும். பத்திக் குழப்பம் அங்கும் உண்டு.

எழுத்துணரியின் பிழைகள் மாற்றியின் பிழைகள் போல ஒழுங்கானவை அல்ல. காலும் ர-வும், ன-வும் ண-வும், புள்ளி உள்ளதும் இல்லாததும் மாறிமாறி வரும். விதி எழுதித் திருத்தப் பார்க்காதீர்கள், மெய்ப்பு பார்க்கத்தான் வேண்டும். அதனால்தான் பேஜ்மேக்கர் கோப்பு கையில் இருக்கும் இதழை ஒருபோதும் எழுத்துணரிக்கு அனுப்பக் கூடாது.

பழைய இதழ்களில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பக்கங்களை அப்படியே படியெடுத்துப் போட்டிருந்தால், பழைய வடிவ ணை, லை, றா, னா இவற்றை எழுத்துணரி பெரும்பாலும் தவறாகவே படிக்கும். அந்தப் பக்கங்களைப் பிரித்து வையுங்கள்.

---

பக்கக்கட்டு

பழையதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். என் கருத்து, அடுத்த மாத இதழை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் மாற்ற வேண்டிய குவியல் மாதத்துக்கு 48 பக்கம் வளர்ந்துகொண்டே போகும்.

இன்டிசைனில் கொம்பு இடம்மாறுவது எழுத்துருவின் குற்றமல்ல. பத்தியின் காம்போசர், அதாவது எழுத்துகளை வரியில் அடுக்கும் பகுதி, பழையது. பத்திப் பாணியைத் திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் காம்போசர் என்ற இடத்தில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் காம்போசர்’ தேர்ந்தெடுங்கள். மாற்றுவதைப் பத்தியில் செய்யாதீர்கள், பாணியில் செய்யுங்கள். பழைய வார்ப்புருவில் 20 பாணி இருந்தால் 20-இலும் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் சரியாகப் படக்குறிப்பில்தான் அகப்பட்டு அச்சாகி வரும். எழுத்து மொழி தமிழ் என்றும் குறியுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் இதே கதைதான், முன்னுரிமைகளில் எழுத்துப் பகுதியில் வேர்ல்ட்-ரெடி அமைப்பைத் தேர்ந்து புதிய கோப்பில் தொடங்க வேண்டும். கோரல் டிரா என்றால் எக்ஸ்6 அல்லது அதற்கு மேல்.

அடுத்த சிக்கல் வரி நிரப்பல். சொல் இடைவெளி சதவீதத்தில் குறைந்தது 80, விரும்புவது 100, அதிகம் 133 என்ற இயல்பு அமைப்பில் 5 செ.மீ. பத்தியில் தமிழ் ஓடினால் ஆறு ஓடுகிற மாதிரி வெள்ளை விழும். ‘நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளதாக’ போன்ற ஒரு சொல் போதும். சொல் இடைவெளியைக் கூட்டி ஈடுகட்டாமல் வடிவ அகலத்துக்கு 98 முதல் 102 வரை இடம் கொடுங்கள். நீளச் சொற்களில் விருப்ப இணைப்புக்கோடு (சொல் வரி முடிவில் உடைந்தால் மட்டும் தெரிவது) வையுங்கள். சாதாரணக் கோடு வைத்தால் அது தளத்துக்கும் போய்ச் சேர்ந்து, மெய்ப்புநோக்கி சொன்ன தலைவலி திரும்பவும் ஆரம்பம்.

விசைமுறைக்கு யாரும் விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. என்.ஹெச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பழைய டைப்ரைட்டர், பாமினி விசைமுறைகள் இரண்டுமே யூனிகோடு வெளியீட்டோடு உண்டு. கொம்பை முதலில் அடித்தாலும் அடுத்த எழுத்து வரும்வரை நிரல் காத்திருந்து சரியான வரிசையில் சேமிக்கும். புதிதாகச் சேர்பவர்களுக்குத் தமிழ்99 கொடுங்கள். 1999 சென்னை மாநாட்டில் வந்த அந்த விசைமுறை விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது, தனியே எதையும் நிறுவ வேண்டாம்.

தலைப்புகளுக்குப் பழைய அலங்கார எழுத்துரு வேண்டும் என்று வடிவமைப்பாளர் கண்டிப்பாகக் கேட்பார். விடுங்கள். தலைப்பைப் பழைய எழுத்துருவில் செய்து கோட்டுருவாக்கி, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிக்கொள்ளட்டும். அதே தலைப்பு யூனிகோடில் கட்டுரைக் கோப்பின் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

---

சுவடிப்பெட்டி

சற்று மாறுபடுகிறேன். 192 இதழ், 48 பக்கம் என்றால் 9,216 பக்கம். பக்கத்துக்கு 5 நிமிடம் மெய்ப்பு பார்த்தாலே 768 மணி நேரம். எல்லாவற்றையும் சுத்தமான உரையாக்க வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா இதழையும் பக்கப் படமாக ஏற்றுங்கள், மாற்றிய உரையைத் திருத்தாமலே தேடலுக்காகப் பின்னால் வையுங்கள். ‘ௌ’, ‘ர்’ விதிகள், இயல்பாக்கம் இவை மட்டும் ஓட்டியிருந்தால் போதும். கதை, கவிதை, நேர்காணல் என்று மக்கள் தேடி வரும் பக்கங்களை மட்டும் மெய்ப்பு பார்த்து உரையாக வெளியிடுங்கள்.

வெளியிடும் முன் உரிமை. இதழின் பணியாளர் அல்லாதவர் எழுதியதற்கு, எழுதி வாங்கியிருந்தாலொழிய உரிமை எழுதியவருக்கே. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். அச்சிடத் தந்தது இணையத்துக்கும் தந்ததாக ஆகாது. ஆசிரியர் பெயர்ப் பட்டியலை முதலிலேயே தயாரித்து வைத்தால் அனுமதிக் கடிதம் ஒருபக்கம் போய்க்கொண்டிருக்கும்.

அந்தப் பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போது யூனிகோடு எண் வரிசையில் விட்டுவிடாதீர்கள். அதில் ன-வும் ற-வும் ழ-வும் நம் வரிசையில் இல்லை. ன என்பது ந-வுக்கு அடுத்து வந்து நிற்கும். தமிழுக்கான அடுக்குவிதியைத் தரவுத்தளத்தில் குறிப்பிட்டால்தான் ய ர ல வ ழ ள ற ன என்று வரும்.

தளம் வேர்ட்பிரஸ் என்றால் கட்டுரையின் இணைய முகவரியைத் தமிழ்த் தலைப்பிலிருந்து தானாக உருவாக்க விடாதீர்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியும் யு.டி.எஃப்.-8-இல் 3 பைட், முகவரியில் சதவீதக் குறியோடு 9 எழுத்து. ‘தமிழ்நாடு’ என்ற ஐந்தெழுத்துச் சொல் 9 குறி, முகவரியில் 81 எழுத்து. முகவரிப் புலத்தின் எல்லை 200. ஆக 22 குறிக்கு மேல் வெட்டுப்படும், ஒரே மாதிரி தொடங்கும் தொடர்கட்டுரைகளுக்கு முகவரியில் வேறுபாடே தெரியாது. ஆண்டு, மாதம், பக்க எண் என்று இலக்கமாக வைப்பது நல்லது. வாட்ஸாப்பில் பகிரும்போதும் நீளச் சதவீதச் சங்கிலி வராது.

---

அச்சகத் தெரு

படம் முன்னால், உரை பின்னால் என்ற யோசனை பிடித்திருக்கிறது. அடுத்த இதழிலிருந்து வேர்ல்ட்-ரெடி என்றும் முடிவு செய்தாயிற்று. கடைசியாக ஒன்று. 2001–03-இல் மின்னஞ்சலில் வந்த வாசகர் கடிதங்கள் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தனிக் கோப்பாக இருக்கின்றன. மாற்றினால் எல்லாம் சரி, ‘இ’ மட்டும் எங்குமே இல்லை. ‘ந்தியா’, ‘லக்கியம்’, ‘ந்த தழ்’ என்று வருகிறது.

---

குறியேற்றி

காரணம் 173 என்ற குறி எண். லத்தீன் குறியாக்கத்தில் அந்த எண் மென்கோட்டுக்கு உரியது, வரி முடிவில் மட்டும் தெரிய வேண்டிய கோடு. டிஸ்கியில் ‘இ’ முதலில் உட்கார்ந்திருந்த இடம் அதுதான். மின்னஞ்சல் நிரலும் வேர்டும் மென்கோடு என்று நினைத்து அதை மறைத்துவிடும் அல்லது நீக்கிவிடும். இந்தத் தொல்லையால்தான் பின்னால் ‘இ’யை 254-க்கு மாற்றினார்கள்.

கோப்பை வேர்டில் திறந்து சேமிக்காத மூலப் பிரதி இருந்தால் அதை எடுங்கள். எந்தத் தொகுப்பியிலும் திறக்காமல் நேரே லினக்ஸின் ஐகான்வ் கருவிக்குக் கொடுங்கள், அதற்கு டிஸ்கி தெரியும். ‘இ’ திரும்பி வந்துவிடும். வரவில்லையென்றால் அந்தப் பிரதியில் 173 ஏற்கெனவே அழிந்துவிட்டது. அப்போது சொல் பட்டியல் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். மெய்யெழுத்தில் தொடங்கும் சொற்களான ‘ந்த’, ‘ங்கே’, ‘ல்லை’, ‘ன்று’ இவற்றை முதலில் எடுங்கள், அவற்றில் பெரும்பகுதிக்கு ‘இ’ என்று துணிந்து போடலாம். ‘லக்கியம்’, ‘தழ்’ வகையைக் கண்ணால் பாருங்கள்.

160-ஐயும் கூடவே பார்த்துவிடுங்கள். அது ஒட்டு இடைவெளிக்கு உரிய எண். 8-பிட் எழுத்துரு எதிலாவது அங்கே எழுத்து வைத்திருந்தால் அது வெறும் இடைவெளியாக மாறியிருக்கும், சொல் நடுவில் உடைந்து தெரியும்.